காடு கொடுக்கும் கறிக்கும் கணக்கு உண்டு: வாசகர் கேள்வி பதில்

அமேசான் மழைக்காட்டில் பழங்குடிகளின் சொந்த நிலங்களில் நடக்கும் வேட்டை பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு குடியாத்தம், ஆம்பூர், வாலாஜா, ஜவ்வாதுமலை என்று பழைய வட ஆற்காடு முழுவதிலிருந்தும் கடிதங்கள் வந்தன. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கேள்வியாகச் சேர்த்திருக்கிறோம். சில பதில்கள் நீளம். கேள்வி அப்படி.

கேள்வி: பழங்குடிகள் வேட்டையாடுகிறார்கள், ஆனாலும் அவர்கள் நிலத்தில்தான் காடு நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இரண்டும் எப்படிச் சேர்ந்து நடக்கும்? எவ்வளவு வேட்டையாடினால் 'அளவோடு' என்று சொல்லலாம்?
*கல்லூரி மாணவி, காட்பாடி*

அந்த அளவு மிருகத்துக்கு மிருகம் மாறும். எத்தனை வயதில் முதல் குட்டி, ஓர் ஈற்றுக்கு எத்தனை, அடுத்த ஈற்றுக்கு எவ்வளவு காலம் என்ற மூன்றும்தான் அதைத் தீர்மானிக்கின்றன.

அமேசானின் மிகப் பெரிய தரைவாழ் மிருகம் டேபிர். 200 கிலோ வரை தேறும், ஒன்றை அடித்தால் ஊருக்கே கறி. ஆனால் அதன் சினைக்காலம் சுமார் 13 மாதம், போடுவது ஒரே குட்டி. சிலந்திக் குரங்கு ஏழு வயதை ஒட்டித்தான் முதல் குட்டி ஈனும், அடுத்த குட்டிக்கு மூன்று ஆண்டுக்கு மேல்கூட ஆகும். கழுத்துப்பட்டைப் பெக்கரி என்ற பன்றி போன்ற மிருகம் ஐந்து மாதத்துக்குள் ஈன்றுவிடும், பெரும்பாலும் இரண்டு குட்டி. மூன்றும் ஒரே காட்டில் ஒரே மரத்தடியில் மேயலாம். மூன்றுக்கும் ஒரே அளவு வைத்தால் டேபிரும் குரங்கும் முதலில் அழியும்.

1991-ல் ராபின்சன், ரெட்ஃபோர்டு என்ற இரு ஆய்வாளர்கள் எளிய வாய்ப்பாடு ஒன்றைக் கொடுத்தார்கள். அதன் சாரம் இதுதான். ஓர் ஆண்டில் புதிதாகச் சேரும் உயிர்களில், குறைந்த ஆயுள் கொண்டவற்றில் 60 சதவீதம், நடுத்தரத்தில் 40 சதவீதம், நீண்ட ஆயுள் கொண்டவற்றில் 20 சதவீதம் வரைதான் மனிதன் எடுக்கலாம். மீதி நோய்க்கும் ஜாகுவார் போன்ற பெரும்பூனைக்கும் முதுமைக்கும் போக வேண்டிய பங்கு.

கணக்கு புரிவதற்காக எண்களை நாமே வைத்துக்கொள்வோம். 100 சதுர கிலோமீட்டர் காட்டில் 120 பெக்கரி, அதில் 60 பெட்டை. ஒரு பெட்டைக்கு ஆண்டுக்குச் சராசரி ஒன்றரைக் குட்டி என்றால் பிறப்பு 90. அதில் 40 சதவீதம், அதாவது 36 எடுக்கலாம். அதே காட்டில் 40 டேபிர், 20 பெட்டை. எல்லாப் பெட்டையும் ஆண்டுதோறும் ஈனாது, ஆகவே பிறப்பு ஒன்பது என்று வைத்தால் 20 சதவீதம் 1.8. முழு ஆண்டுக்கும், முழு ஊருக்கும், இரண்டைக்கூட எட்டவில்லை. விருந்துக்கு ஒன்று, திருவிழாவுக்கு ஒன்று என்று அடித்தாலே தீர்ந்தது.

இந்த வாய்ப்பாடு சொல்வது உச்சவரம்பு. அதற்குக் கீழே இருந்தால் ஆபத்தில்லை என்று பொருளாகாது. அதற்கு மேலே போனால் அழிவு உறுதி, அவ்வளவுதான். பலர் இதைத் தலைகீழாகப் படித்து, வரம்பு வரைக்கும் எடுத்துவிட்டுப் பிறகு திகைக்கிறார்கள். வெள்ளை உதட்டுப் பெக்கரியில் இன்னொரு சிக்கல் உண்டு. நூற்றுக்கணக்கில் மந்தையாகத் திரியும், சில பகுதிகளிலிருந்து பல ஆண்டு காணாமல் போய்ப் பிறகு திரும்பும். மந்தை வந்த நாளில் ஊரே சேர்ந்து அடித்தால், "நிறைய இருக்கிறதே" என்றுதான் தோன்றும்.

ஆகவே வாய்ப்பாட்டை மட்டும் நம்பாமல், பக்கத்தில் வேட்டையே இல்லாத ஒரு பகுதியை விட்டுவைப்பார்கள். பெருவின் தம்ஷியாக்கு-தவாயோ காப்பகம் 1991-ல் இந்த அடிப்படையில்தான் உருவானது. ஊர்களும் வேட்டையும் ஆற்றோரம், நடுக்காடு தொடப்படாதது. அங்கே பெருகும் மிருகங்கள் வேட்டைப் பகுதிக்குள் தானாக வந்து நிரம்பும். ஏரியில் நீர் நிற்கும்வரை ஊர்க் கிணறுகள் வற்றாத கதைதான். தூர் வாருகிறோம் என்று ஏரியையே உடைத்துவிட்டால் கிணற்றில் எவ்வளவு ஆழம் தோண்டியும் பயனில்லை.

கடைசியாக ஓர் எண். கறிக்குக் காட்டை மட்டும் நம்பி வாழ்ந்தால், மழைக்காடு ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு மனிதரைத்தான் தாங்கும் என்பது ஆய்வாளர்கள் ஒப்புக்கொண்ட கணிப்பு. பச்சைப்பசேல் என்று இருக்கும் காட்டில் கறி இவ்வளவு குறைவா என்று வியப்பாக இருக்கும். அந்தப் பச்சை முழுவதும் தலைக்கு மேலே முப்பது மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இலைகளில் பாதி கசப்பும் நஞ்சும். தரையில் மேய்வதற்குப் புல் இல்லை. புல்வெளியில் மான் கூட்டம் கூட்டமாக நிற்பதும் மழைக்காட்டில் நாள் முழுக்க நடந்தும் ஒன்றும் கண்ணில் படாததும் இதனால்தான்.

கேள்வி: காட்டில் எத்தனை மிருகம் இருக்கிறது என்று படிக்காத ஊர்மக்கள் எப்படிக் கணக்கெடுக்கிறார்கள்?
*ஆசிரியர், வாலாஜாபேட்டை*

அவர்கள் படித்தது வேறு பள்ளிக்கூடம், ஐயா. வேறு யாரும் எடுக்காத கணக்கை அவர்கள்தான் எடுக்கிறார்கள். மூன்று வழி சொல்கிறோம்.

முதல் வழி நேர்க்கோட்டு நடை. காட்டில் சில கிலோமீட்டர் நீளத்துக்கு நேரான ஒற்றையடிப் பாதை வெட்டி, விடிந்ததும் மணிக்கு ஒன்று, ஒன்றரைக் கிலோமீட்டர் வேகத்தில் ஓசையில்லாமல் நடப்பார்கள். மிருகம் தென்பட்டால் இனம், எண்ணிக்கை, பாதையிலிருந்து அது நின்ற இடத்துக்குச் செங்குத்துத் தூரம் ஆகிய மூன்றையும் குறிப்பார்கள். அந்தத் தூரம்தான் உயிர். எவ்வளவு அகலத்துக்குக் கண் எட்டியது என்று தெரிந்தால்தான் பரப்பு தெரியும், பரப்பு தெரிந்தால்தான் அடர்த்தி. தூரத்தைக் குறிக்காமல் எண்ணிக்கையை மட்டும் எழுதிய நோட்டு எத்தனை இருந்தாலும் பயன்படாது. ஏற்கெனவே மிருகம் நடக்கிற தடத்தையே பாதையாக வைத்துக்கொள்வது அடுத்த தவறு. அங்கே கூடுதலாகத்தான் தெரியும்.

இரண்டாவது வேட்டைப் பதிவேடு. யார், எந்தப் பக்கம் போனார், எத்தனை மணி நேரம், என்ன அடித்தார், ஆணா பெண்ணா, சினையா. கூடவே அடித்த மிருகத்தின் மண்டையோட்டை எண் போட்டு வைத்துவிடுவார்கள். பல் தேய்மானத்தைப் பார்த்து வயது சொல்லலாம். இளசுகள் மட்டுமே வர ஆரம்பித்தால் முதிர்ந்தவை தீர்ந்துவிட்டன என்று ஐயப்படலாம். வெறுங்கையோடு திரும்பிய நாளையும் எழுத வேண்டும் என்பதில்தான் எல்லாரும் சறுக்குவார்கள். ஒரு நாளைக்கு ஒன்று கிடைத்தது போய் மூன்று நாளைக்கு ஒன்று என்று ஆவதுதான் முதல் எச்சரிக்கை. வெறும் நாள்களை விட்டுவிட்டால் அந்த எச்சரிக்கையே காதில் விழாது.

மூன்றாவது வழி மீனில் நடக்கிறது. பிரேசிலின் மாமிராவா காப்பகத்தில் பிராருக்கு என்ற மீன் மூன்று மீட்டர் வரை வளரும். செவுள் இருந்தும் காற்றைக் குடிக்க இருபது நிமிடத்துக்குள் ஒரு முறையாவது மேலே வந்தே ஆக வேண்டும். மீனவர்கள் ஏரியைப் பங்கு போட்டுக்கொண்டு, ஒருவர் சுமார் இரண்டு ஹெக்டேர் பரப்பை மட்டும் பார்த்தபடி தோணியில் அசையாமல் உட்காருவார்கள். இருபது நிமிடத்தில் எத்தனை மீன் மேலே வந்து மூச்சு வாங்கியது என்று எண்ணுவார்கள். ஒன்றரை மீட்டருக்கு மேற்பட்டது பெரிது, ஒரு மீட்டரிலிருந்து ஒன்றரை வரை இளசு, அதற்குக் கீழே கணக்கில் இல்லை. நீர் புரளும் விதத்தையும் சத்தத்தையும் வைத்தே அளவைச் சொல்லிவிடுவார்கள். எண்ணிய பெரிய மீனில் 30 சதவீதத்துக்கு மேல் பிடிக்க அனுமதி இல்லை. 1999-ல் இந்த முறை தொடங்கிய பிறகு அங்கே மீன் பல மடங்கு பெருகியது. எண்ணுவதைவிடக் கடினம் காவல். வெளியூர்க்காரர் இரவில் வலை போடாமல் ஏரிக்கு முறைவைத்துக் காவல் இருக்கிற ஊரில்தான் கணக்கு நிற்கும்.

கேள்வி: துப்பாக்கியைத் தடை செய்து வில் அம்பு மட்டும் என்று வைத்தால் போதாதா?
*வாசகர், ஆற்காடு*

பாதி பயன் உண்டு. பெருவின் மானூ தேசியப் பூங்கா 1973-ல் அமைந்தது. அதற்குள் வாழும் மட்சிகெங்கா மக்கள் வில் அம்பால் மட்டுமே வேட்டையாடலாம். வில்லுடன் நடந்து போய் நடந்தே திரும்புகிறவர் வீட்டிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கு மேல் அரிதாகத்தான் போவார். அந்த வட்டத்துக்குள் சிலந்திக் குரங்கு குறைந்துதான் போகிறது. வட்டத்துக்கு வெளியே இருக்கும் காடு பிழைக்கிறது.

அந்த வட்டத்தை உடைப்பது பெரும்பாலும் சாலைதான். ஈக்வடாரின் யாசுனி பகுதியில் 1990-களில் எண்ணெய் நிறுவனச் சாலை வந்தது. ஊதுகுழலும் ஈட்டியும் வைத்து வேட்டையாடிய வாவோரானி மக்கள் அதே சாலையில் வண்டியேறித் தொலைவு சென்று அடித்து, பொம்பேயா சந்தையில் கறியை விற்கத் தொடங்கினார்கள். வயிற்றுக்கு வேண்டியது வயிறு நிறைந்ததும் நின்றுவிடும். விலைக்கு வேண்டியது நிற்பதில்லை. டேபிரையும் மானையும் உண்ணக் கூடாது என்று முன்பு அவர்களிடம் இருந்த விலக்கும் தளர்ந்தது. பிறகு வாவோரானிப் பெண்களே கொக்கோ பயிரிட்டுச் சாக்லேட் செய்து விற்க ஆரம்பித்தார்கள். காட்டுக் கறிக்குப் பதில் கைக்குக் காசு வர வேறு வழி என்பதுதான் அதன் நோக்கம்.

வேட்டைக்காரர் விட்டுவிட்டுப் போகும் கம்பிச் சுருக்குதான் எல்லாவற்றிலும் மோசம். ஆப்பிரிக்கக் காங்கோ காடுகளில் இது பெருவாரி. சினை, குட்டி, இனம் எதையும் அது பார்க்காது. இரண்டு நாள் கழித்து வந்து பார்த்தால் பாதி அழுகிக் கிடக்கும்.

கேள்வி: எங்கள் டேனரியில் 'பெக்கரி' தோல் கையுறை ஆர்டர் பற்றிப் பேச்சு வந்தது. இது காட்டு மிருகத் தோல் என்கிறார்கள். வாங்கலாமா, வாங்கினால் குற்றமா?
*தோல் தொழிலாளர், ஆம்பூர்*

முதல் பதிலில் சொன்ன அதே பெக்கரிதான். சட்டப்படி இந்தத் தோலை ஏற்றுமதி செய்வதில் முதன்மையான நாடு பெரு. தோலுக்காக யாரும் சுடுவதில்லை. கறிக்கு அடித்ததில் மிஞ்சுவதுதான் தோல். ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் போய் விலை உயர்ந்த கையுறையாகிறது. தோல் மெல்லியது, கைக்குப் படியும், தேயவும் தேயாது.

பெருவின் பெக்கரி இனங்கள், காட்டு உயிர் வாணிபத்துக்கான பன்னாட்டு ஒப்பந்தமான சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் இருக்கின்றன. வாணிபம் செய்யலாம், ஆனால் புறப்படும் நாட்டின் சைட்டிஸ் ஏற்றுமதி அனுமதி கட்டாயம். 2022-ல் திருத்தப்பட்ட நம் வன உயிரினச் சட்டத்திலும் சைட்டிஸ் இனங்களுக்கென்று நான்காம் பட்டியல் சேர்ந்துவிட்டது. ஆகவே 'யாரோ ஏஜென்ட்' மூலம் வரும் தோலைத் தொடாதீர்கள். அனுமதிச் சீட்டில் உள்ள இனத்தின் அறிவியல் பெயர், எண்ணிக்கை, முத்திரை ஆகிய மூன்றும் சரக்கோடு ஒத்துப்போக வேண்டும். ஐயம் இருந்தால் வன உயிரினக் குற்றக் கட்டுப்பாட்டுப் பணியகத்தின் தென்மண்டல அலுவலகம் சென்னையில் இருக்கிறது. சரக்கு துறைமுகத்தில் நிற்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

அடையாளம் கேட்டிருந்தீர்கள். மயிர்த்துளைகள் மூன்று மூன்றாகக் கூடி இருக்கும் என்பார்கள். உண்மைதான், ஆனால் நாட்டுப் பன்றித் தோலிலும் அப்படித்தான். அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பெக்கரிக்கு முதுகின் பின்பகுதியில் ஒரு வாசனைச் சுரப்பி உண்டு. முழுத் தோலாக வந்தால் அந்த இடத்தைத் தேடிப் பாருங்கள். பன்றித் தோலில் அது கிடையாது. இன்னொன்று, இந்தத் தோல் பெரும்பாலும் நம் ஊர் உப்புத்தோல் போல வராது. காட்டு ஊரிலேயே மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி வெயிலில் உலர்த்தியதாக வரும். ஈரத்தோடு மடித்தது அழுகும், கத்தி இறங்கியதும் குண்டு துளைத்ததும் தரம் இறங்கும்.

பெருவில் ஒரு நல்ல முயற்சி நடந்திருக்கிறது. வேட்டைப் பதிவேடு வைத்து, வேட்டையில்லாப் பகுதி ஒதுக்கி, குரங்கையும் டேபிரையும் விட்டுவிடும் ஊர்களுக்குச் சான்றிதழ் கொடுத்து, அவர்களின் தோலுக்குக் கூடுதல் விலை கிடைக்கச் செய்வது. கையுறை விற்கும் விலையில் காட்டில் தோலை உரித்தவருக்குப் போவது மிகச் சொற்பம் என்பதுதான் அதன் பலவீனம். உங்கள் ஆம்பூர்க்காரர்கள் வாங்கும்போது அந்தச் சான்றிதழைக் கேட்டால், அந்தச் சொற்பம் கொஞ்சம் பெருகும்.

கேள்வி: காணும் பொங்கலுக்கு எங்கள் பக்கம் முயல் வேட்டைக்குப் போவார்கள். முயல்தானே, அதற்குமா தண்டனை?
*வாசகர், திருப்பத்தூர் மாவட்டம்*

ஆமாம். முயல் வன உயிரினச் சட்டத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. அடித்தாலும், நாய்விட்டுப் பிடித்தாலும், கறியாக வைத்திருந்தாலும் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உடும்பு, மயில் என்றால் முதல் பட்டியல். குறைந்தது மூன்று ஆண்டு, ஏழு வரை போகும். சாமி குதிரை வாகனத்தில் பாரிவேட்டைக்கு எழுந்தருளுவதை யாரும் தடுக்கவில்லை. அதை அப்படியே வையுங்கள், முயலை விட்டுவிடுங்கள்.

கேள்வி: கொல்லையில் மல்லாட்டை போட்டால் பன்றி ஒரே ராத்திரியில் கிளறிப் போட்டுவிடுகிறது. அமேசானில் அடித்துத் தின்னலாம், நாங்கள் விரட்டக்கூடாதா? என்னதான் செய்வது?
*விவசாயி, குடியாத்தம்*

உங்கள் கோபம் நியாயமானது. பன்றியோடு மல்லுக்கட்டி மாண்டவனுக்கு நடுகல் நட்ட ஊர்கள் நம் வட மாவட்டங்களில் இருக்கின்றன. இந்தப் பகை நேற்று வந்ததல்ல.

காட்டுப்பன்றியின் சினைக்காலம் சுமார் 115 நாள், ஓர் ஈற்றுக்கு நான்கு முதல் ஆறு குட்டி. டேபிருக்கு நேர் எதிர். எண்ணிக்கைக் கணக்குப்படி பார்த்தால் பன்றியைக் கட்டுப்படுத்துவதால் இனம் அழியாது. அரசும் இதை ஒப்புக்கொண்டுதான் 2025 ஜனவரியில் முடிவெடுத்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றுக்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். விவசாயி சுடுவதற்கு அனுமதி இல்லை. ஆகவே முதல் வேலை, உங்கள் கொல்லை காட்டு எல்லையிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குவது.

அவுட்டுக்காய் என்ற வெடி உருண்டையை வைக்காதீர்கள். பன்றிக்கு வைத்ததை மாடு கடிக்கும், நாய் கடிக்கும், யானை கடிக்கும். ஆந்திரத்தின் கௌண்டின்யா சரணாலயத்திலிருந்து யானை இறங்கும் வழி உங்கள் பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம்தான். வாய் சிதறிய யானை செத்து முடிய நாள்கணக்காகும். வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் கொடுப்பதும் அப்படியே. விடிகாலையில் தண்ணீர் பாய்ச்சப் போகிற பக்கத்துக் கொல்லைக்காரர்தான் அதில் முதலில் விழுகிறார்.

சோலார் வேலி போடலாம். 2023 விதிகளின்படி வனத்துறையிடம் பதிவு செய்ய வேண்டும், தரச்சான்று பெற்ற எனர்ஜைசர்தான் வாங்க வேண்டும். அது வினாடிக்கு ஒரு தரம் அடிக்கும் சிறு துடிப்பு, சுளீர் என்று இருக்கும், உயிரை எடுக்காது. பன்றிக்கு உயரம் வேண்டியதில்லை, தாழ்வுதான் வேண்டும். தரையிலிருந்து 20, 40, 60 சென்டிமீட்டரில் மூன்று கம்பி போதும். முதல் கம்பி 30-க்குப் போனால் மூக்கால் மண்ணைக் கிளறி அடியிலேயே நுழைந்துவிடும்.

சோலார் வேலி வேலை செய்யவில்லை என்று சொல்கிறவர்களிடம் பெரும்பாலும் இரண்டு குறை இருக்கும். ஒன்று எர்த். ஒரே கம்பியை அரையடி இறக்கிவிட்டு விட்டிருப்பார்கள். மூன்று எர்த் கம்பியை இடைவெளி விட்டு ஆழமாக இறக்கி ஒன்றோடு ஒன்று இணைக்க வேண்டும், சித்திரை வைகாசியில் அந்த இடத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டும். நம் ஊர்க் காய்ந்த செம்மண்ணில் எர்த் பிடிக்காவிட்டால் பன்றிக்கு ஷாக்கே தெரியாது. இரண்டாவது, கம்பியைத் தொடும் புல். ஒரு மழை பெய்து கோரை வளர்ந்து கம்பியில் உரசினால் மின்சாரம் முழுக்க அதில் இறங்கிவிடும். வாரம் ஒரு முறை அடிக்கம்பியின் கீழே செதுக்குங்கள். மல்லாட்டை காய் பிடிக்கத் தொடங்குவதற்கு முன்பே வேலியை ஓடவிடுங்கள். ஒரு முறை ருசி கண்ட பன்றி, அடி வாங்கினாலும் திரும்ப வந்து பார்க்கும்.

சேதம் ஆகிவிட்டால் செடியைப் பிடுங்கிச் சுத்தம் செய்வதற்கு முன்பே படம் எடுத்து, சர்வே எண்ணோடு வனச்சரகத்தில் மனு கொடுங்கள். சுத்தம் செய்த கொல்லையைப் பார்க்க வருகிற அலுவலர் எதை மதிப்பிடுவார்?

கேள்வி: கொல்லாமலே காட்டு உயிரில் பிழைப்பு நடத்த வழி உண்டா?
*வாசகர், அரக்கோணம்*

உண்டு, நம் ஊரிலேயே. உங்கள் அரக்கோணம், சோளிங்கர் பக்கம் வாழும் இருளர்களின் உறவுக்காரர்கள்தான் செய்து காட்டினார்கள். 1976-ல் பாம்புத்தோல் ஏற்றுமதி தடைப்பட்டதும் தோலுக்குப் பாம்பு பிடித்துக்கொண்டிருந்த இருளர் குடும்பங்கள் பட்டினியில் விழுந்தன. 1978-ல் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகர் துணை நின்றார்.

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்று நான்கு இனம். எந்த இனத்தில் எத்தனை பிடிக்கலாம் என்று அரசு அனுமதி தரும். பிடித்த பாம்பு மண்பானையில், வாயில் துணி கட்டி. மூன்று, நான்கு வாரம் வைத்து வாரம் ஒரு முறை நஞ்செடுப்பார்கள். கண்ணாடிக் குடுவையின் வாயில் கட்டிய மெல்லிய தோலைக் கடிக்க விட்டால் பல் துளைத்து நஞ்சு உள்ளே சொட்டும். பிறகு அடிவயிற்றுச் செதிலில் சின்னதாக ஒரு நறுக்கு. அடையாளத்துக்குத்தான். காட்டில் விட்ட பாம்பே மறுபடி கையில் கிடைத்தால் செதிலைப் பார்த்து விட்டுவிடுவார்கள். முதல் பதிலில் சொன்ன உச்சவரம்பும் கணக்கும் இங்கே செதிலில் எழுதப்பட்டிருக்கிறது. இந்தச் சமூகத்தின் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. பர்மிய மலைப்பாம்பைத் தேடிப் பிடிக்க அமெரிக்காவின் ஃபுளோரிடா 2017-ல் இவர்களைத்தான் அழைத்தது.

கேள்வி: நாங்கள் ஜவ்வாதுமலை மலையாளிப் பழங்குடிகள். எங்கள் தாத்தா காலத்தில் வேட்டை இருந்தது. அமேசான் பழங்குடிக்கு உள்ள உரிமை எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை? கேட்டு வாங்க முடியாதா?
*இளைஞர், பீஞ்சமந்தை*

தம்பி, உங்கள் கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும்.

சட்டத்தில் இடமில்லை. 1972 வன உயிரினச் சட்டத்தில் பழங்குடி வேட்டையுரிமை தொடரும் என்று சொல்லப்பட்டது நிக்கோபார் தீவுப் பழங்குடிகளுக்கு மட்டும், அதுவும் 1967 அறிவிக்கையின்படி. 2006 வன உரிமைச் சட்டம் வழக்கமான மற்ற உரிமைகளை எல்லாம் ஏற்றுக்கொண்டு, வேட்டையையும் பொறி வைப்பதையும் பெயர் சொல்லி விலக்கிவிட்டது.

சட்டத்தை விட்டுவிட்டுக் கணக்கைப் பாருங்கள். பத்துக் கிலோமீட்டர் நடைவட்டம் என்றோமே, அதன் பரப்பு 314 சதுர கிலோமீட்டர். மழைக்காட்டில் அதற்கு 314 பேர் என்பதே உச்சம். 2011 கணக்கெடுப்பில் பழைய வேலூர் மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 648 பேர். அதே வட்டத்தில் இரண்டு லட்சம் பேர் வருகிறார்கள். மலைமேல் நெரிசல் குறைவு என்றாலும், அடிவாரத்து அணைக்கட்டும் ஒடுகத்தூரும் ஆலங்காயமும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. மலைக்கு வேட்டை திறந்தால் முதலில் வண்டி கட்டி வருவது உங்கள் ஊர்க்காரர் இல்லை, கீழே கறிக்கு விலை வைத்திருப்பவர். பக்கத்தில் தொடாத பெருங்காடும் இங்கே கிடையாது. கரடியும் மானும் குறைந்தால் நிரப்ப எங்கிருந்தும் வராது.

ஆனால் அமேசானில் அவர்களிடம் உள்ள இன்னோர் உரிமை உங்களுக்கும் சட்டப்படி உண்டு. காட்டைப் பராமரிக்கும், காக்கும், நிர்வகிக்கும் உரிமை. கடுக்காய், புளி, தேன் எடுக்கும் உரிமையோடு சேர்ந்து, பலரும் கேட்காமல் விட்டுவிடுவது இதைத்தான். பட்டியல் பழங்குடி ஆணையில் மலையாளி என்ற பெயருக்கு எதிரே வட ஆற்காடு என்று அச்சிட்டே இருக்கிறது, தகுதியில் கேள்வி எழாது.

வழி இது. கிராமசபையைக் கூட்டுங்கள். பாதிப்பேராவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். அந்தக் கூட்டத்தில் 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுங்கள். மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர், குறைந்தது மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கடுக்காய், தேன் போன்ற சமூக உரிமைக்குப் படிவம் 'பி', காட்டையே நிர்வகிக்கும் சமூக வன வளத்துக்குப் படிவம் 'சி'. இரண்டும் வேறு. 'பி' மட்டும் கொடுத்துவிட்டு நிர்வாக உரிமை வந்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள், வராது. எல்லைக்கு ஓடை, பாறை, கோயில், சுடுகாடு, பழைய தேன்பாறை என்று பெயர் சொல்லி வரைபடம் வரையுங்கள். பக்கத்து ஊரோடு எல்லை மோதினால் மனு அங்கேயே நிற்கும், அதனால் அந்த ஊர்ப் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு நடந்து முடித்துவிட்டு வரையுங்கள். ஆதாரம் குறைந்தது இரண்டு வேண்டும். பழைய அரசுப் பதிவு ஒன்றும், ஊர்ப் பெரியவர்களின் எழுத்து வாக்குமூலம் ஒன்றும் இருந்தால் நிற்கும். கிராமசபைத் தீர்மானத்தோடு உட்கோட்டக் குழுவுக்குப் போகும், பிறகு மாவட்டக் குழு. ஒப்புகைச் சீட்டு வாங்காமல் மனுவைக் கையளிக்காதீர்கள். உட்கோட்டத்துக்குப் போன நாளை நோட்டில் எழுதி வையுங்கள். கிராமசபை முடிவில் குறை இருந்தால் 60 நாளுக்குள் மேல்மனு செய்ய வேண்டும். வாய்மொழியாக "தள்ளுபடி" என்றால் ஏற்காதீர்கள், காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

உரிமைப் பட்டயம் வந்ததும் விதிகளின்படி கிராமசபையே ஒரு காப்புக் குழு அமைக்கலாம். அந்தக் குழுவின் முதல் நோட்டில் எந்த மரத்தில் தேன்கூடு, எந்தச் சுனையில் கரடித் தடம், எந்தப் புதரில் கம்பிச் சுருக்கு கிடந்தது, எந்தத் தேதி என்று எழுத ஆரம்பியுங்கள். மானூவிலும் மாமிராவாவிலும் அவர்கள் எழுதுகிற அதே நோட்டு அது. கம்பிச் சுருக்கு வைத்தவர் கீழிருந்து வந்தவராக இருந்தால், அதை எழுதி வனச்சரகத்துக்கு அனுப்பும் அதிகாரமும் அன்று முதல் உங்களுடையது.